மாந்தோப்பும் கர்மக் கணக்கும்: காவேரிப்பட்டணம் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு வருஷமாகத் தோப்பு சரியாகக் காய்க்கவில்லை, காய்த்ததற்கும் விலை இல்லை, வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன், எல்லாம் என் கர்மா, யோகா கற்றுக்கொண்டால் இது மாறுமா என்று கேட்டு எழுதியிருந்தாய். ராயக்கோட்டையில் தக்காளி போட்டவர்களும் இதே கேள்வியோடுதான் இருக்கிறார்கள் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

மாறும். எங்கே மாறும், எங்கே மாறாது என்பதை முதலில் பிரித்துக்கொள். 'எல்லாம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தால் எந்தப் பயிற்சியாலும் பிரயோஜனம் இல்லை.

கீதையில் 18-ஆம் அத்தியாயம், 14-ஆவது சுலோகத்தைப் பார். எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் அங்கே வருகின்றன: அதிஷ்டானம், கர்த்தா, கரணம், சேஷ்டை, தெய்வம். நிற்கும் இடம், செய்யும் ஆள், கருவிகள், பலவகை முயற்சிகள், நம் கைக்கு எட்டாத ஐந்தாவது. அதிஷ்டானம் என்பதற்கு உடம்பு என்று உரை சொல்வார்கள். விவசாயி அதை நிலம், மரம் வரைக்கும் நீட்டிக்கொள்ளலாம்.

உன் தோப்பில் இதை வைத்துப் பார்ப்போம். அல்போன்சா ஒரு வருஷம் அள்ளிக் கொடுத்தால் மறுவருஷம் ஓயும் ரகம். நீலமும் தோத்தாபுரியும் அந்த அளவுக்கு ஓய்வதில்லை. எந்த மரம் எத்தனை வைத்திருக்கிறாய் என்பது முதல் காரணம். தூக்கம் கெட்டு, கடன்காரருக்குப் பயந்துகொண்டு முடிவெடுத்த நீ இரண்டாவது. தண்ணீர், தெளிப்பான், கூலி ஆள், கையில் இருந்த பணம் மூன்றாவது. அறுவடை முடிந்ததும் கவாத்து (வேண்டாத கிளைகளை வெட்டுவது) செய்தாயா, பூ மொட்டு விடும்போதே தத்துப்பூச்சியைப் பார்த்தாயா, சாம்பல் நோய்க்குத் தெளித்தாயா என்பது நான்காவது. பூக்கும் நேரத்து மழையும் மூடுபனியும் ஐந்தாவது. மாங்கூழ் ஆலை சொல்லும் விலையும் தனி ஆளுக்கு ஐந்தாவதுதான். நூறு பேர் சேர்ந்து பேசினால் அதில் ஒரு பங்கு நான்காவதுக்கு வந்துவிடும். 'கர்மா' என்று நீ சொன்னபோது இந்த ஐந்தையும் சேர்த்து ஐந்தாவதின் தலையில் கட்டிவிட்டாய்.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கும். சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்போது அனுபவத்துக்கு வந்தது பிராரத்தம், இனிமேல் சேர்த்துக்கொள்வது ஆகாமியம். முன்பு தோப்பைக் குத்தகைக்கு விட்டபோது, குத்தகைக்காரர் மரத்தடியில் பேக்ளோபியூட்ரசால் ஊற்றிப் பூக்க வைத்தார் என்று எழுதியிருந்தாய். அந்த மருந்து புதுத்தளிர் வளர்ச்சியை அடக்கிப் பூவைத் தூண்டும். மண்ணில் வெகுநாள் தங்கும். அளவு மீறினால் மரம் குன்றிப்போகும். எந்த மருந்து, எவ்வளவு என்று கேட்காமல் நீ கையெழுத்துப் போட்டது பழைய கணக்கு. இன்றைக்குக் குன்றி நிற்கும் மரம் அனுபவிக்க வேண்டிய கணக்கு. அடுத்த குத்தகைப் பத்திரத்தில் என்ன எழுதப்போகிறாய் என்பது மட்டும்தான் இன்னும் எழுதப்படாத கணக்கு. பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் 2.16 சொல்வதும் இதையே: இன்னும் வராத துன்பம்தான் தவிர்க்கத்தக்கது. முன்ஜென்மத்தில் நம்பிக்கை இல்லாதவருக்கும் இந்தப் பாகம் அப்படியே பொருந்தும். 2.12-இல் பதஞ்சலி கண்ட பிறவியில் பலிக்கும் வினை, காணாத பிறவியில் பலிக்கும் வினை இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார். நாம் கண்டதில் வேலை செய்வோம்.

இனி பயிற்சி. ராத்திரி சாப்பிட்டபின் பத்து நிமிடம், ஒரு நோட்டு. அன்றைக்கு மனம் கலங்கிய ஒரே ஒரு சம்பவத்தை எடு. மேலே சொன்ன ஐந்துக்கும் ஒவ்வொரு வரி எழுது. கடைசியில் ஆறாவதாக, நாளைக்கு நான்காவது வரியில் எதை மாற்றுவேன் என்று ஒன்று. அவ்வளவுதான். இரண்டாவது சம்பவம் எழுதாதே. எழுத ஆரம்பித்தால் நான்கே நாளில் சலித்துவிடும்.

இந்த நோட்டு கெட்டுப்போகும் வழிகள் எனக்குத் தெரிந்தவை மூன்று. 'நான் கோபக்காரன்', 'எனக்கு அதிர்ஷ்டம் இல்லை' என்று குணத்தை எழுதுவது முதலாவது. 'கூலி கேட்டு வந்தவரிடம் காது கொடுக்காமல் கத்தினேன்' என்று செய்ததை எழுது, அதைத்தான் மாற்ற முடியும். அடுத்தது, ஐந்தாவது வரி தினமும் நீண்டுகொண்டே போவது. அப்படியானால் நீ நழுவுகிறாய் என்று பொருள். இரண்டாவது வரி நீண்டால் உன்னை நீயே அடித்துக்கொள்கிறாய், அதுவும் ஆகாது. மூன்றாவது, நோட்டை மனைவியிடம் படித்துக்காட்டி அவரிடம் நியாயம் கேட்பது. நோட்டு உனக்கு மட்டும்.

ஒரு மண்டலம், 48 நாள், இதோடு ஒரே ஒரு இயமத்தைச் சேர்த்துக்கொள். இயமம் என்பது அகிம்சை, உண்மை என்று யோகம் சொல்லும் ஐந்து ஒழுக்கங்கள். ஐந்தையும் ஒன்றாகப் பிடிக்கிறேன் என்று இறங்குபவர்கள் ஒன்றைக்கூடப் பிடிப்பதில்லை. உனக்கு அகிம்சையைச் சொல்வேன், காரணம் கார்பைடு கல். யோக சூத்திரம் 2.34 தீங்கை மிக நுட்பமாகப் பிரிக்கிறது: தானே செய்தது, பிறரைக் கொண்டு செய்வித்தது, பிறர் செய்ததற்கு உடன்பட்டது, ஒவ்வொன்றும் பேராசையாலோ கோபத்தாலோ மயக்கத்தாலோ வருவது, ஒவ்வொன்றும் மெலிதாக, நடுத்தரமாக, கடுமையாக இருப்பது. மூன்றை மூன்றால், மறுபடி மூன்றால் பெருக்க 27 வகை. நீ கல் வைத்துப் பழுக்க வைப்பதில்லை, சரி. மண்டிக்காரர் வைக்கிறார் என்று தெரிந்தே, கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று செந்தூரா மாங்காயை அந்த மண்டிக்கே அனுப்புகிறாயா? அது உடன்பாடு, பேராசையால், மெலிதாக. 27-இல் ஒரு கட்டம். சட்டமும் கார்பைடைத் தடை செய்திருக்கிறது. பழுக்க வைக்க எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவு வரைக்கும் அனுமதிக்கிறது. ஆக மாற்று வழி இல்லை என்று சொல்லிவிட முடியாது. எத்திலீன் அறை வைத்திருப்பவர் யார் என்று இரண்டு மண்டியில் விசாரிப்பதுதான் உன் முதல் அகிம்சைப் பயிற்சி. விரதம் இருப்பதைவிட இது கஷ்டம்.

இப்போது மூச்சு. காலையில் மாட்டைக் கவனித்துவிட்டு, வாயில் எதுவும் போடும் முன் உட்கார். களி சாப்பிட்டால் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஜமக்காளத்தை நான்காக மடித்து இடுப்புக்கு அடியில் மட்டும் வை. முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்தால் முதுகு தானாக நிமிரும். நிலையாகவும் சுகமாகவும் இருப்பது ஆசனம் என்று சூத்திரம் சொல்வது இதைத்தான். பத்மாசனத்துக்காகக் காலை முறுக்கி முட்டியைக் கெடுத்துக்கொள்ளாதே. இரண்டு மூக்கு வழியாகவும் நான்கு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. கிண்ணத்தில் 30 புளியங்கொட்டை வைத்து, மூச்சுக்கு ஒன்றாக எடுத்துப் போடு. ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். இரண்டு வாரம் கழித்து 60 கொட்டை. முதல் மண்டலம் முழுக்க இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

தோள் மேலே ஏறினால் தேவைக்கு மேல் இழுக்கிறாய். விட்டு முடித்ததும் அடுத்த மூச்சைப் பறித்துக்கொண்டு இழுக்கத் தோன்றினால் ஆறு உனக்கு அதிகம். மூன்றுக்கு நான்கு என்று இறங்கு. தலை கனத்தாலோ கிறுகிறுத்தாலோ நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடு, அன்றைக்கு அது போதும். மண்டலம் முடிந்தபின் மாற்று நாசிக்கு வரலாம்: கட்டைவிரலால் வலது மூக்கை மூடி இடதில் நான்கு இழு, மோதிர விரலால் இடதை மூடி வலதில் ஆறு விடு, பிறகு வலதில் இழுத்து இடதில் விடு.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இழுக்க 16, நிறுத்த 64, விட 32 என்று கணக்குச் சொல்லியிருக்கிறாரே என்று யாராவது உன்னிடம் வருவார்கள். சொல்லியிருக்கிறார். இயமமும் நியமமும் (தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் கட்டுப்பாடுகள்) ஆதனமும் (ஆசனம்) முடித்து வந்தவனுக்குச் சொல்லியிருக்கிறார். கைப்பேசியில் பார்த்துவிட்டு முதல் வாரமே மூச்சை அடக்குபவர்களுக்குப் படபடப்பும் எரிச்சலும்தான் மிச்சம். ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மூச்சை நிறுத்தவே கூடாது. வேகமாக மூச்சைத் தள்ளும் கபாலபாதியும் அவர்களுக்கு ஆகாது. உன் அம்மாவும் கூட உட்காரப் போவதாக எழுதியிருந்தாய், அதனால் சொல்கிறேன்.

மூச்சை எண்ணினால் கோபம் எப்படிக் குறையும் என்று கேட்கலாம். மனம் கலங்கும்போது கூடவே வருபவை என்று யோக சூத்திரம் 1.31 நான்கைச் சொல்கிறது: துக்கம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கு கெட்ட மூச்சு. முதல் இரண்டைக் கோபத்தின் நடுவில் கவனிக்க முடியாது. கடைசி இரண்டை முடியும். தினமும் 30 கொட்டை எண்ணியவனுக்குத் தன் மூச்சு தடம் மாறுவது வாய் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். அந்த இடைவெளிதான் நீ சம்பாதிப்பது. அந்த நேரத்தில் 2.33 சொல்லும் எதிர்ப்பாவனையைச் செய். இதைப் பலரும் 'நல்லதையே நினை' என்று சுருக்கிவிட்டார்கள். பதஞ்சலி சொல்வது அதைவிடக் கறாரானது: இதைச் செய்தால் முடிவில்லாத துக்கமும் அறியாமையும்தான் பலன் என்று நினைத்துப் பார். மேஸ்திரியைத் திட்டப்போகிறாய் என்றால், நாளைக்கு அவர் ஆள் கூட்டி வராமல் போவதை, பறிக்காத காய் மரத்திலேயே பழுத்து உதிர்வதை நினை. இனிப்பான எண்ணம் தேவையில்லை, விளைவு கண்ணில் பட்டால் போதும்.

'கடமையைச் செய், பலனை எதிர்பாராதே' என்பது கிருஷ்ணகிரி பேருந்துகளில்கூட எழுதியிருக்கும். இது வரும் கீதை 2.47-இல் நான்கு பாகம் உண்டு, நாம் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். செயலில் உனக்கு உரிமை, பலனில் இல்லை, பலனுக்காகவே செய்பவனாக ஆகாதே, செய்யாமல் இருப்பதில் பற்று வைக்காதே. இந்த நான்காவதைத்தான் நீ இப்போது மீறிக்கொண்டிருக்கிறாய். போன வருஷம் விலை இல்லை என்பதால் இந்த ஆடியில் கவாத்தே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறாயே, அது பற்றின்மை ஆகாது. செயலின்மை மேல் வைத்த பற்று. விலை பேசக்கூடாது என்றும் இந்தச் சுலோகத்துக்குப் பொருள் இல்லை. விலை பேசுவதும் செயல்தான்; நன்றாகப் பேசு, எடையை நேரில் நின்று பார், ரசீது வாங்கு. அதற்குப் பிறகு வந்த தொகையை இரவெல்லாம் புரட்டிக்கொண்டிருப்பதைத்தான் விடச் சொல்கிறது.

திருக்குறளிலும் இந்த இழுபறி உண்டு. 38-ஆம் அதிகாரம் ஊழைவிடப் பெரிய வலிமை ஏது என்று முடிகிறது. 62-ஆம் அதிகாரம் தளராமல் முயல்பவர் ஊழையும் புறமுதுகு காட்ட வைப்பார் என்று முடிகிறது. வள்ளுவர் எந்தப் பக்கம் என்று பட்டிமன்றம் நடத்தலாம். எனக்குப் படுவது, நடந்து முடிந்ததைத் தாங்க முதலாவது, நாளைய வேலைக்கு இரண்டாவது. நாம் பெரும்பாலும் மாற்றிப் பயன்படுத்துகிறோம்.

தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் பூசணி விளக்கு போட்டால் தீருமா என்றும் கேட்டிருந்தாய். போய் வா, தடையில்லை. போகும்போது நோட்டின் ஆறாவது வரியில் ஒன்றைச் சங்கல்பமாக எடுத்துக்கொண்டு போ. அடுத்த அஷ்டமி வரை அதைக் காப்பாற்று. ஆனால் பரிகாரத்துக்கு என்று யாராவது பத்தாயிரம், இருபதாயிரம் கேட்டால் அங்கே நிற்காதே. அந்தப் பணம் கவாத்துக் கூலி.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கர்மக் கணக்கை அடுத்தவர் மேல் போடாதே. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நோய் வந்தால் 'அவங்க செஞ்ச பாவம்' என்று பேசுவதற்கும், ஒருவர் பிறந்த சாதியை முன்வினைப் பயன் என்பதற்கும் இந்தச் சாத்திரத்தை இழுத்தவர்கள் உண்டு. அடுத்தவர் துன்பப்படும்போது செய்ய வேண்டியதை யோக சூத்திரம் 1.33 ஒரே சொல்லில் சொல்லிவிட்டது: கருணை.

இரண்டு வாரமாகச் சரியாகத் தூக்கம் இல்லை, சாப்பாட்டில் நாட்டம் இல்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் நோட்டும் மூச்சும் காத்திருக்கட்டும். கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார். ராத்திரியில் என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசு, கட்டணம் கிடையாது. தடைகளை வரிசைப்படுத்தும்போது பதஞ்சலி முதலில் வைத்ததே நோயைத்தான்.

நடுவில் நாள் தவறும். தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதே, அதே 30 கொட்டையோடு தொடர். மூன்று நாள் தொடர்ந்து தவறினால் நேரத்தை மாற்று, பெரும்பாலும் நேரம்தான் தப்பாக இருக்கும். நீண்ட காலம், இடைவெளி இல்லாமல், மதிப்போடு என்று யோக சூத்திரம் 1.14 மூன்று நிபந்தனை வைக்கிறது. மதிப்பு என்பது ஐந்து நிமிடம் கைப்பேசியை வேறு அறையில் வைப்பதில் தொடங்கும்.

ஆடி பாதி போய்விட்டது. காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்ளே வெயில் விழாமல் மறைக்கும் கிளை, இவற்றை எடுக்க எத்தனை ஆள் வேண்டும் என்று இந்த வாரமே மேஸ்திரியிடம் பேசு. பணம் குறைவாக இருந்தால் பாதித் தோப்பாவது செய். வெட்டு வாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்தது) தடவச் சொல். பதினைந்து நாள் நோட்டு சேர்ந்ததும் ஆறாவது வரிகளை மட்டும் எழுதி அனுப்பு. மற்ற ஐந்தும் எனக்கு வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்