அந்தப் போல்ட்டை முதலில் பார்

கவென்ட்ரி
ஞாயிறு இரவு

அன்புள்ள சாமிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறாள். போன வாரம் அக்கா குழந்தைகளோடு வந்தவள் போனில் ஒரு படம் காட்டினாள். சிவப்பு வண்டி, முன்விளக்கு இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பக்கத்தில் நீ. 1990 மாடல் மஸ்டா மியாட்டா, வாங்கி நாலு மாதம் ஆகிறது என்றாள். எனக்குச் சொல்லவில்லையே என்று வருத்தமெல்லாம் இல்லை. பொங்கலன்று பேசியபோதுகூடக் குளிர் எப்படி என்று கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாய். சரி, வேலை இருந்திருக்கும். வண்டியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அக்கா போனைத் திருப்பிக் கேட்கும்வரை அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவுக்குக் கீழே, பின் சக்கரத்துக்கு முன்னால், பெயின்ட் கொப்புளம் மாதிரி எழும்பியிருக்கிறது. விரல் நகம் அளவுதான். நீ கவனித்தாயா? அது கல் பட்டு வந்த துரு இல்லை, உள்ளேயிருந்து வருவது. மேல்துணியில் விழும் மழை, சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள ஓட்டைகளில் இறங்கி அடி வழியாக வெளியே போக வேண்டும். சருகும் மண்ணும் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவடித் தகட்டின் உள்கூட்டிலேயே நின்றுவிடும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி அரித்திருக்கும். புல் வெட்டுகிற மெஷினில் போடும் தடித்த நைலான் நரம்பு ஒரு முழம் எடுத்து மெதுவாகக் குத்திவிடு. இரும்புக் கம்பி விடாதே, உள்ளே இருக்கும் குழாய் கிழிந்துவிடும். அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, குனிந்து பின் சக்கரத்துக்கு முன்னால் சொட்டுகிறதா என்று பார். சொட்டினால் நல்லது. சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டையும் அழுத்திப் பார், ஈரமாக இருந்தால் உடனே தூக்கிக் காயவை.

பனி உருக இங்கே ரோட்டில் போடும் உப்பே வண்டியைத் தின்கிறது. டொராண்டோவில் மாதக்கணக்கில் உப்பு. குளிர்காலத்தில் அதை வெளியே எடுக்காதே சாமி. டேங்கை நிரப்பி, பேட்டரிக்குச் சின்ன சார்ஜரை மாட்டி, கராஜில் விட்டுவிடு. பேட்டரி டிக்கியில் வலது பக்கம் இருக்கும், உனக்குத் தெரியும். நீ பத்து வயதில் நம் பழைய வண்டியின் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறதா?

இதெல்லாம் மெதுவாகச் செய்யலாம். முதலில் கிராங்க் போல்ட்டைப் பார், இன்ஜின் தண்டின் முன் நுனியில் இருப்பது.

ஆரம்பத்தில் வந்த 1.6 இன்ஜின்களில், 1991 பாதிவரை, கிராங்கின் மூக்கு குட்டை. முன்னால் இருக்கும் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு துண்டுக் கீயும் அந்த ஒரு போல்ட்டும்தான். போல்ட் பிடிப்பு கொஞ்சம் குறைந்தாலும் பல்சக்கரம் கீயில் இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டே இருக்கும். கீ தேயும், அது உட்காரும் காடி அகலமாகும், டைமிங் பின்னால் போகும். வண்டிக்கு இழுவை குறையும், நிறுத்தி வைத்து ஓடவிட்டால் புல்லி தள்ளாடும். கவனிக்காமல் விட்டால் கிராங்கே போய்விடும், இன்ஜினை இறக்க வேண்டியதுதான். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து புல்லியின் முகத்தில் இருக்கும் பள்ளங்களை எண்ணு. 4 பள்ளம் என்றால் குட்டை மூக்கு. 8 என்றால் நீள மூக்கு, பயம் இல்லை. 1990 என்றால் 4 ஆகத்தான் இருக்கும், ஆனாலும் எண்ணு. நடுவில் யாராவது இன்ஜின் மாற்றியிருக்கலாம்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று விற்றவரிடம் பில் கேட்டாயா? 60,000 மைலுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது, அந்த விதத்தில் ஹிரோஷிமாக்காரர்கள் புண்ணியம் செய்தவர்கள். ஆனால் நடு ரோட்டில் நிற்க வேண்டி வரும். அங்கே மைனஸ் இருபதில் நீ நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பெல்ட் மாற்றும்போது வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிடு. ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் கறுப்பாக இருக்கிறதா, பழுப்பேறிவிட்டதா? பழுப்பு என்றால் ஒரு நாள் வெடிக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பட்டன் நன்றாக இருக்கிறது என்று பழைய டயரை நம்பாதே.

உனக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஸ்பேனரைத் தடவிப் பார்த்தே 10, 12, 14 என்று எடுத்துக் கொடுத்தவன் நீ. பர்மிங்காம் மாமா வந்தால் அதைச் செய்துகாட்டச் சொல்லி நான் பெருமையடிப்பேன், நீ வெட்கப்படுவாய். அப்படிப்பட்ட கையைக் கணக்குப் புத்தகத்துக்குக் கொடுத்துவிட்டாயே என்று இத்தனை வருஷமும் உன்னைக் குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அக்கா கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். நீ சாப்பிடாமல் எழுந்து போனாய்.

போல்ட்டைப் பற்றி மறுபடியும் எழுதுகிறேன் என்று நினைக்காதே. 108 முதல் 118 நியூட்டன் மீட்டர், குட்டை மூக்குக்கு. முறுக்கு அளவு வந்ததும் க்ளிக் என்னும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் அதைத் தொடாதே. கை அளவு போதும் என்று எவன் சொன்னாலும் கேட்காதே.

சாமி, 2006 ஆகஸ்டில் நாம் பெல்ட் மாற்றினோமே. நான் உள்ளே உட்கார்ந்து ஐந்தாவது கியரைப் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டேன், நீ வெளியே நின்று அந்தப் போல்ட்டை இழுத்து முறுக்கினாய். எங்கள் கம்பெனியிலிருந்து கடன் வாங்கிய டார்க் ரெஞ்ச். உன் முகம் சிவந்து போயிருந்தது, பதினாறு வயசு. க்ளிக் என்றது. எனக்குக் கேட்டது. வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. மறுநாள் விடிகாலையில் அபரிஸ்ட்வித்துக்கு, கடலுக்கு, நாம் இருவர் மட்டும் போவதாகத் திட்டம். சாயங்காலமே டார்க் ரெஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ராத்திரி பதினொரு மணிக்கு கராஜை ஒழுங்குபடுத்தப் போனேன். துணிக்கு அடியில், பல்சக்கரத்துக்கு முன்னால் போட வேண்டிய வட்டத் தகடு கிடந்தது. கழற்றிய சாமான்களை மேசையில் வரிசையாக அடுக்கி எடுத்துக் கொடுத்தது நான். விட்டதும் நான்தான். நீ முகத்தில் கிரீஸ் கறையோடு தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்ப மனசு வரவில்லை. தகடு விட்டுப்போய்விட்டது என்று உன்னிடம் சொல்லவும் பிடிக்கவில்லை. நானே புல்லியைக் கழற்றி, போல்ட்டைக் கழற்றி, தகட்டைப் போட்டேன். பிரேக்கை மிதிக்க ஆள் இல்லை. சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துவிட்டு, சாதாரண ஸ்பேனரால் முறுக்கினேன். பாதியில் கட்டை நழுவியது, கிராங்க் அரைச் சுற்று சுற்றியது. திரும்பக் கட்டையை வைத்து முறுக்கினேன். கீ சரியாக உட்கார்ந்ததா என்று மறுபடி கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. கோயம்புத்தூர் பீளமேட்டில் லேத்தில் நிற்கும்போது ஒரு தவ், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தப்பினாலும் பீஸைத் தூக்கி எறிந்தவன் நான். அன்றைக்குத் தூக்கம் வந்தது, போதும் என்று விட்டுவிட்டேன்.

கடலுக்குப் போனோம், வந்தோம். நவம்பரில் வண்டி இழுக்கவில்லை. மெக்கானிக் அந்தக் கீயை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு ஓரம் எலி கடித்த மாதிரி இருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் உன்னைப் பார்த்தேன். சரியாக டார்க் பண்ணினாயா என்று உன்னைக் கேட்டேன். நீ, க்ளிக் கேட்டதுப்பா, உங்களுக்கும் கேட்டதே என்றாய். எனக்குக் கேட்கவில்லை என்றேன்.

அதற்கப்புறம் நீ கராஜ் பக்கமே வரவில்லை. வண்டியை வந்த விலைக்கு விற்றேன். இழுத்துக்கொண்டு போகும்போது நீ மாடி ஜன்னலில் நின்றாய். அடுத்த வருஷம் இன்ஜினியரிங் வேண்டாம் என்றாய், ஏன் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாயோ என்று பயம். பத்தொன்பது வருஷம், சாமி. அம்மாவுக்கும் தெரியாது. இதை எழுதி முடித்ததும் அவளிடம் படித்துக் காட்டப்போகிறேன்.

க்ளிக் எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது.

இத்தனை வண்டி இருக்க நீ ஏன் அதே வண்டியை வாங்கினாய் என்று நான் கேட்கமாட்டேன். நிறம்கூட அதே சிவப்பு. நல்ல வண்டி. படத்தில் நீ கையை பானெட்டின் மேல் வைத்துக்கொண்டு நின்ற விதம் நன்றாக இருந்தது.

பின் ஜன்னல் மஞ்சளாகத் தெரிந்தது, அது பிளாஸ்டிக். குளிரில் மேல்துணியை மடக்காதே, அப்பளம் மாதிரி உடைந்துவிடும். மடக்குவதற்கு முன்னால் ஜிப்பைத் திறந்து ஜன்னலைப் படுக்கப் போட வேண்டும்.

பள்ளத்தை எண்ணிவிட்டு ஒரு வரி எழுது, 4 ஆ 8 ஆ என்று. என்னிடம் பேச வேண்டாம் என்றால் அக்காவிடம் சொல், போதும். 4 என்றால் போல்ட்டைக் கழற்றி, கீயைப் பார்த்துவிட்டு, புதுப் போல்ட் போட்டு முறுக்க வேண்டியிருக்கும். அதைத் தனியாகச் செய்யாதே, கட்டையெல்லாம் வைக்காதே. உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க ஓர் ஆள் வேண்டும். மே மாதம் என்றால் எனக்கு டிக்கெட் கிடைக்கும்.

அப்பா