தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாளர்களே,

அண்மையில் வாசித்த கட்டுரை நூல்களில், முக்கியமாக வரலாற்று நூல்களில், ஆசிரியர்களின் உழைப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆனால் ஒரு ஊரையோ ஆளையோ பற்றி எங்கே சொன்னார்கள் என்று மறுபடி தேடினால் கிடைப்பதில்லை. எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கடைசியில் காட்டும் சொல்லடைவே பலவற்றில் இல்லை. 1894-ல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா., பக்க எண்ணைக் கையால் குறித்தே தம் பதிப்புகளுக்கு அகரவரிசை அடைவுகள் சேர்த்தார். கணினி வந்த பிறகு அது ஏன் நின்றுபோனது?

காகிதச் செலவைக் காரணம் காட்ட முடியாது. பாரத்துக்கு, அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதிக்கு, 16 பக்கம் என்றால், 250 பக்க நூலுக்கு எப்படியும் 16 பாரம், அதாவது 256 பக்கம் ஓடும். மிஞ்சும் ஆறு பக்கம் விளம்பரத்துக்குப் போகிறது. ஒரு நல்ல பெயரடைவுக்கு அந்த இடம் போதும். பக்க அமைப்பு முடிந்து, கடைசித் திருத்தமும் ஏறிய பிறகே அடைவைத் தொடங்குங்கள். முன்பே செய்தால், ஒரு பத்தி கூடினாலும் எண்கள் தள்ளிப்போகும். கோப்பு யூனிகோடில் இருக்கட்டும். தேடும்போது 'தஞ்சாவூர்' என்று முழுதாக இட்டால் 'தஞ்சாவூரில்' சிக்காது. புள்ளியை விட்டு 'தஞ்சாவூர' என்று இட்டாலும் 'ரி' தப்பிவிடலாம். 'தஞ்சாவூ' வரை இடுங்கள். 'பட்டினம்' என்பது 'பட்டினத்தில்' ஆகிவிடும், ஆகவே 'பட்டின' போதும். கிடைத்ததையெல்லாம் சேர்க்காமல், செய்தி உள்ள பக்கங்களை மட்டும் ஆசிரியரே பொறுக்கித் தரவேண்டும்.

நாவல்களில் எங்கள் மனத்தாங்கல் வேறு. யார் சாகிறார், யார் யாரைப் பிரிகிறார் என்பதை முன்னுரையே சொல்லிவிடுகிறது. அதே கட்டுரையைப் பின்னுரையாகப் போட்டால் இருமடங்கு பயன்படும். வாசித்து முடித்தவருக்குத்தான் அந்த அலசல் வேண்டும்.

மொழிபெயர்ப்பு நாவல் மூலத்திலிருந்து நேரே வந்ததா, ஆங்கிலம் வழியாகவா என்பதை உரிமைப் பக்கத்தில் சொல்லுங்கள். எழுத்தை ஆங்கில முறையில் படித்துப் பெயர்ப்பதால்தான் ஸ்பானிய ஹுவான் 'ஜுவான்' ஆகிறார். ருஷ்ய நாவலில் அலெக்சாந்தரும் சாஷாவும் ஒரே ஆள் என்று தெரியாமல் குழம்பிப் பாதியில் மூடிவைப்பவர்கள் உண்டு. தொடக்கத்தில் ஒரு பக்கப் பாத்திரப் பட்டியல், செல்லப் பெயர்களோடு, போதும்.

தடித்த நூல்களைப் பசையோடு நிறுத்தாமல் பாரம் பாரமாகத் தைத்துக் கட்டுங்கள். உள் ஓரத்தில் 20 மில்லிமீட்டராவது விடுங்கள். இல்லையேல் விரித்துப் படிக்கும்போதே முதுகு பிளக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை சனவரிச் சென்னைப் புத்தகக் காட்சி அவசரத்தில்தான் விடுபடுகின்றன. டிசம்பர் கடைசியில் அச்சுக்குப் போகும் நூலுக்கு அடைவு போட நேரம் ஏது? தயாராகாத நூலை அடுத்த மாதம் கொண்டுவாருங்கள். வாங்கக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்கள்