நோய் தெரிந்தவரைத் தலைவராக்குங்கள்

மாவட்டச் சுகாதாரக் குழுவை நியமிக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். புதிய தலைவரின் பெயரை மளிகைக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள், பார்த்தேன். நல்ல மனிதர். கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் ஓடி ஓடி உழைத்தவர். ஆனால் டிங்கிக் காய்ச்சலைப் பற்றிப் படித்தவரல்ல. படித்த ஒருவரைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

போன மாதம் எங்கள் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்), பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் உடம்பு குளிர்ந்தது. 'காய்ச்சல் விட்டால் வேலைக்குப் போகலாம்' என்று குழு கொடுத்த துண்டறிக்கையில் இருந்தது. அதை நம்பிச் செம்பனைக் காட்டுக்கு உதிரிப் பழம் பொறுக்கப் போனார். பத்து மணிக்கெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் சுருண்டு விழுந்தார். பையில் பாதிகூட நிறையவில்லை. டிங்கியில் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்து. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழும். ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தால் அந்த வரியை அப்போதே அடித்திருப்பார். நீங்கள் காட்டவில்லை. ஒன்பது நாள் வார்டில் கிடந்து அக்கா பிழைத்து வந்தார்.

பிறகு புகை அடித்தீர்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். குளியல் தொட்டியின் உட்சுவரில் ஒட்டிய, டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் பட்டதும் பொரியும். தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்ல ஓர் ஆளும் வரவில்லை.

நோய் தெரியாமல் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதை, மலேசியாவின் நெகிரி செம்பிலானில் இருந்துகொண்டு எப்படி மறந்தோம்? 1998-99இல் இங்கே வந்த நோயை, கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றெண்ணிப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களையும் நோய் பிடித்தது. மூளைக்காய்ச்சல் வழக்கமாகத் தாக்கும் பிள்ளைகளை விட்டுப் பன்றிப் பண்ணை ஆண்களையே அதிகம் வாட்டியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங் பிரித்தெடுத்த கிருமிதான், இது வேறு நோய் என்று காட்டியது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்து நிப்பா வைரஸ் என்றார்கள். நூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

ரப்பர் காலத்தில் ரப்பர்ப் பால் நிறுக்கக்கூடக் கணக்குத் தெரிந்த கிராணியைத்தான் (தோட்ட எழுத்தரைத்தான்) வைத்தார்கள். எங்கள் உயிர் அந்தப் பாலைவிடக் குறைந்ததா? வீடு, தண்ணீர், பஸ் என்று எல்லாவற்றுக்கும் கடைசி வரிசையில் நின்று பழகிவிட்டோம். இதில் நிற்க முடியாது.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய தலைவர் குழுவிலேயே இருக்கட்டும். வீடு வீடாகப் போய்ப் பேச அவரைவிட ஆளில்லை. தலைமையை மட்டும் பொதுச் சுகாதாரம் படித்த ஒரு டாக்டரிடம் கொடுங்கள். பணிவோடு கேட்கிறேன், நோய் தெரிந்தவரைத் தாருங்கள்.

அதுவரைக்கும் அந்தத் துண்டறிக்கையையாவது கிழித்துவிடச் சொல்லுங்கள். நேற்று மாலைகூடக் கடைச் சுவரில் அப்படியேதான் இருந்தது.

இப்படிக்கு,
லயத்தில் குடியிருக்கும் ஒருவர்