‘படம்: இணையம்’ என்பவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் காவிரிச் சிறப்பிதழைப் படித்தேன். முக்கொம்பு பற்றிய கட்டுரையில் ஒரு வரி வருகிறது: “அந்நாளில் இந்த வேலைகளையெல்லாம் படமெடுத்து வைக்க வேண்டும் என்ற அக்கறை உள்ளூரில் எவருக்கும் இருக்கவில்லை.” அந்த வரிக்கு நேர் மேலே அரைப் பக்கத்துக்கு ஒரு படம். கரை உடைப்பை அடைக்கும் ஆட்கள், மணல் மூட்டைகள், சவுக்குக் கட்டைகள். கீழே பொடி எழுத்தில், ‘பிரிட்டிஷ் காலம். படம்: இணையம்.’ அக்கறை கெட்ட எங்கள் ஊருக்கு, வெள்ளைக்காரன் காலத்திலேயே, இணையம் என்று ஒரு புண்ணியவான் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் போலும்.

அந்தப் படம் 1978இல் எடுத்தது. எடுத்தவர் எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர். அரசுப் பணியில் கரைகளோடும் மதகுகளோடும் காலம் கழித்த நான் அன்று அவர் பக்கத்தில்தான் நின்றேன். மூலப் படத்தின் இடது ஓரத்தில் ஒரு சித்தாள் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சிலேட்டில் தேதியும் வேலை நடக்கும் இடமும் சாக்பீஸில் எழுதியிருக்கும். அவருக்குப் பக்கத்தில் மட்டம் பார்க்கும் அளவுகோல். கரையின் உயரம் பின்னால் பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஸ்டுடியோக்காரர் தாமே செய்துகொண்ட ஏற்பாடு இது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பக்க அமைப்புக்கு இடைஞ்சல் என்று அந்தப் பெண்ணையும் சிலேட்டையும் தாங்கள் வெட்டிவிட்டீர்கள். தேதியை வெட்டிப் போட்ட பிறகு காலத்தை ஊகிக்கத்தானே வேண்டும்!

1977 நவம்பரில் திருச்சி எப்படி மூழ்கியது என்பது தாங்கள் அறியாததல்ல. 12ஆம் தேதி நாகப்பட்டினம் பக்கம் புயல் கரையைக் கடந்தது. ஒரே வாரத்தில், 19ஆம் தேதி, ஆந்திராவில் திவிசீமாவைப் புயல் தின்றது. பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். போனதில் தவறில்லை, அங்கே சாவு அதிகம். ஆனால் இங்கே தண்ணீர் வடிந்த பிறகு சேறு அள்ளியதையும் வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற கறையையும் மாதக்கணக்கில் கரை அடைத்ததையும் படமெடுக்க மிஞ்சியவர் அந்த ஒரு மனிதர்தான். தங்கள் கட்டுரையாளர் தேடிய ‘அக்கறை’ இடுப்பளவுச் சேற்றில் யாஷிகா கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவருக்குக் கூலி கிடைத்தது அடிக்கல் நாட்டு விழாக்களில். 120 ஃபிலிம் ரோலில் பன்னிரண்டு படம். மேடையில் இருப்பவர்களுக்கு, மாலை போடுபவர்களுக்கு, மாலை போடுபவருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பவர்களுக்கு என்று பத்து போய்விடும். மிச்சமிருக்கும் இரண்டை, கூட்டம் கலைந்த பிறகு, கம்பி கட்டுபவர்களுக்கும் கலவை சுமப்பவர்களுக்கும் வைத்திருப்பார். அந்த இரண்டுக்குப் பணம் தர ஆளில்லை. பாலத் தூணுக்கு இறக்கிய கிணற்று அஸ்திவாரம் ஆற்று மணலுக்குள் போன பிறகு அதற்குள் என்ன கம்பி, எத்தனை நெருக்கத்தில் கட்டியிருந்தது என்பதற்கு, முடிந்த வேலையின் அளவை அலுவலகத்தார் பதியும் அளவுப் புத்தகத்தை விட்டால் அந்தப் படம்தான் சாட்சி. அளவுப் புத்தகம் எழுதிய கைகளில் சிலவற்றை நான் அறிவேன். அதனால்தான் படத்தை நம்புகிறேன்.

தங்கள் இதழில் ‘கலாசாரம்’ என்ற தலைப்பில் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்குப் படம் போடுகிறீர்கள். மஞ்சள் கயிறு, காதோலைக் கருகமணி, சிரித்த முகம். அவரும் எடுத்தார். ஒவ்வோர் ஆண்டும் அம்மா மண்டபம் படித்துறையில் ஒரே இடத்தில் நின்று எடுத்தார். அந்தப் படங்களை வரிசையாக வைத்தால், எந்த ஆண்டு காவிரி எந்தப் படிவரை ஏறியது என்று எண்ணிவிடலாம். ஜூன் 12இல் மேட்டூர் திறக்காத ஆண்டுகளில் பெண்கள் எவ்வளவு தூரம் மணலில் இறங்கி நடந்தார்கள் என்பது அவர்கள் நிழலில் தெரியும். நீரியல் அறிஞர்களுக்கு இதைக் காட்டலாம் என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘இது ஃபேமிலி போட்டோதானே சார்’ என்று சிரித்தார்கள். எங்கள் பகுதியில் பல குடும்பங்களில் தாத்தா பாட்டிக்கு இருக்கும் ஒரே முகம், இறந்த அன்று நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து அவர் எடுத்ததுதான். வாக்காளர் அடையாள அட்டை வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு உயிரோடு ஒரு முகம் கிடைத்தது. அந்த அட்டையில் நம் முகம் எப்படி இருக்கும் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் போன பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெகட்டிவ்களில் வெள்ளி இருக்கிறது என்று தேடி வந்து எடை போட்டு வாங்க ஆள் உண்டு. கண்ணாடித் தகடுகளை வெந்நீரில் கழுவிச் சாமி படத்துக்குச் சட்டம் போட்டார்கள். மிஞ்சிய பெட்டியைத் திறந்தால் புளித்த காடி வாடை அடிக்கிறது. அசிட்டேட் ஃபிலிம் அழுகத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். நான் வேலை பார்த்த அலுவலகத்தின் யோக்கியதை இதற்குக் குறைந்ததல்ல. கோப்புகளில் ஒட்டியிருந்த அவருடைய படங்கள் ‘காலாவதியான ஆவணம்’ என்று பழைய பேப்பர் வண்டியில் ஏறின. வண்டியை மறித்து நான் பிடுங்கியது கொஞ்சம்தான். பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்ணிமமாக்கியது. நம் ஊர்ப் பெட்டியைத் திறந்து பார்க்க லண்டனிலிருந்து காசு வர வேண்டியிருக்கிறது.

2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் ஆற்றோடு போயின. 1836இல் கட்டிய அணை அல்லவா, அன்றுதான் எல்லோருக்கும் பழைய படம் தேவைப்பட்டது. அவர் வீட்டு வாசலில் வந்து நின்றவர்களுக்கு வீட்டம்மா காபி கொடுத்து ஆல்பத்தையும் எடுத்துக் கொடுத்தார். செல்போனில் சுட்டுக்கொண்டு போனார்கள். மறுநாள் அதே படங்கள் அவரவர் முத்திரையோடு ஊரெல்லாம் சுற்றின. தாங்கள் ‘இணையம்’ என்று மரியாதையோடு குறிப்பிடும் மூலம் இதுதான்.

அதே சிறப்பிதழில் தஞ்சைப் பெரிய கோயில் கட்டுரையைப் புரட்டினேன். 1858இல் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டிய லின்னேயஸ் ட்ரைப்பின் பெயர் ஓர் எழுத்துப் பிழையில்லாமல் அச்சாகியிருக்கிறது. மகிழ்ச்சி. நூற்றறுபது ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலேய அதிகாரியின் பெயர் கிடைக்கிறது. தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு பஸ் பிடித்தால் வந்துவிடும் வீட்டில் இருந்தவர் பெயர் கிடைக்கவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையையே விற்றுவிட்டாலும் படைத்தவர் தன் பெயரைக் கோரலாம் என்கிறது. தங்கள் சட்ட ஆலோசகருக்கு இது தெரிந்திருக்கும். வழக்குப் போடும் எண்ணமெல்லாம் அந்த வீட்டில் எவருக்கும் இல்லை, பயப்பட வேண்டாம்.

நான் கேட்பது இரண்டு. அந்தப் படத்தைச் சிலேட்டோடும் சித்தாளோடும், எடுத்தவர் பெயரோடும் மறுபடி வெளியிடுங்கள். பெயரைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தின் நடுவே அது வர வேண்டாம், படத்துக்குக் கீழே வரட்டும். இரண்டாவது, வெள்ளத்தின் நினைவுக் கட்டுரை ஒன்றுக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் தங்கள் நிருபர் ‘ஸ்கேன் செய்துவிட்டுத் தருகிறோம், சார்’ என்று வாங்கிச் சென்ற இரண்டு பிரிண்ட்களைத் திருப்பி அனுப்புங்கள். அந்தக் கட்டுரையிலும் பெயர் வரவில்லை என்பதை இப்போது கிளற விரும்பவில்லை. தபால்தலை ஒட்டி முகவரி எழுதிய உறை உள்ளே இருக்கிறது. படங்கள் மடங்காமல் இருக்க அளவாக வெட்டிய இரண்டு அட்டைகளும் வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பணி ஆய்வாளர்,
திருச்சிராப்பள்ளி.