தூங்கினால் சரியாகாது

அன்பு மகளுக்கு,

இரண்டு நாள் வாந்தி, அப்புறம் ஒரே தூக்கம், இப்போது பரவாயில்லை என்று போனில் சாதாரணமாகச் சொல்லிவிட்டாய். எனக்குக் கை நடுங்கிவிட்டது. போனில் திட்டினால் நீ வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

புரதம் சிதையும்போது வரும் அம்மோனியா மூளைக்கு நஞ்சு; அதை யூரியாவாக மாற்ற உதவும் ஓடிசி என்ற நொதி உனக்குக் குறைவு. இந்த ஓடிசி குறைபாடு உள்ள கல்லீரல் சாதாரண நாளில் எப்படியோ சமாளித்துவிடும். காய்ச்சலிலோ வாந்தியிலோ நீ சாப்பிடாமல் கிடந்தால் உடம்பு தன் தசையையே கரைக்கும். அதுவும் புரதம்தான். அதிலிருந்தும் அம்மோனியா வரும்.

சின்ன வயதில் உனக்கு ஐசியுவில் ஏற்றிய மருந்துகளைப் பற்றி டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சோடியம் பென்சோயேட் கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஹிப்யூரிக் அமிலமாகி சிறுநீரில் போய்விடும். அதோடு, அம்மோனியாவாக மாறக்கூடிய ஒரு நைட்ரஜன் வெளியேறும். பினைல்அசிட்டேட் குளுட்டமின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தோடு சேரும், போகும்போது இரண்டு நைட்ரஜன்களைக் கொண்டுபோகும். நீ முகம் சுளித்து விழுங்குகிறாயே பினைல்பியூட்டிரேட், அது உடம்புக்குள் பினைல்அசிட்டேட்டாகத்தான் மாறுகிறது. யூரியா வழி சரியாக ஓடாதபோது, இவை நைட்ரஜனுக்கு வேறு வழி திறந்துவிடுகின்றன. அம்மோனியா அளவு மிக அதிகமாகிவிட்டால் இவை மட்டும் போதாது, டயாலிசிஸ் வேண்டும்.

1964-ல் வாரன், ஷெங்கர் என்ற இருவர் செய்த எலிச் சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மூளை அம்மோனியாவைக் குளுட்டமினாக மாற்றிவைக்கும்; அப்படிக் குளுட்டமின் உண்டாவதைத் தடுக்கும் மெத்தியோனின் சல்ஃபாக்ஸிமைன் என்ற மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, அப்புறம் அம்மோனியாவைக் கொடுத்தார்கள். மூளையில் அம்மோனியா குறையவில்லை, ஆனாலும் எலிகள் தாக்குப்பிடித்தன. மூளைச் செல்களில் குளுட்டமின் தேங்குவதும் கேடுதான் என்பதற்கு அது ஒரு தடயம். அந்த மருந்தே வலிப்பை வரவழைக்கும் என்பதால் மனிதருக்கு ஆகாது. எலிக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் நமக்கு இல்லை!

நமக்கு இருப்பது நேரம் மட்டும்தான். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அம்மோனியா ஏறிக் குழம்பிய மூளைதான் ‘ஒன்றுமில்லை, தூங்கினால் சரியாகிவிடும்’ என்று சொல்லும். அந்த நேரத்தில் உன் பேச்சை நீயே நம்பக் கூடாது. அதனால்தான் அறைத்தோழியிடம் இப்போதே சொல்லிவை என்கிறேன். நீ உளறினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ அவள் உன்னிடம் அனுமதி கேட்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போகட்டும்.

அங்கே ரத்த அம்மோனியா பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தை ஐஸில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், தாமதித்தால் அளவு தப்பாக ஏறிக் காட்டும். முடிவு வரும்வரை காத்திருக்காமல் குளுக்கோஸ் டிரிப் தொடங்க வேண்டும். வலிப்பு வந்தாலும் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து கூடாது, அது அம்மோனியாவை ஏற்றும். எல்லாம் டாக்டர் கொடுத்த அவசரக் கடிதத்தில் இருக்கிறது.

அந்தக் கடிதம் பையில் இருக்கிறதா, மேசை இழுப்பறையில் கிடக்கிறதா? போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா