மகளுக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்பு மகளுக்கு,

அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. கோவிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று. மற்றதை அப்புறம் எழுதுகிறேன். உன் பிரசவ ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள் என்று உன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். சரி, உனக்கு வேலை அதிகமாக இருக்கும்.

ஆபரேஷன் தியேட்டரில் அட்டெண்டனாக நின்றவள் சொல்கிறேன், கேள். அங்கே குளிருக்கு ஏர்கோன் ஓடுவது டாக்டர்களுக்காக. கவுன், கையுறை, மேலே விளக்கு என்று அவர்களுக்கு வேர்க்கும்; குறைத்து வைப்பார்கள். பிள்ளையோ வயிற்றுச் சூட்டிலிருந்து நனைந்த உடம்போடு வருகிறது. ஈரம் காயக் காய அதன் சூடும் போகும். நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள அதற்கு வராது. அக்குளில் வைத்துப் பார்த்து 36.5 டிகிரிக்குக் கீழே இருந்தாலே குளிர்ந்துவிட்டது என்றுதான் கணக்கு. அப்படியே விட்டால் சர்க்கரை இறங்கும், மூச்சு வாங்கும், பால் இழுத்துக் குடிக்காது. சின்னக்கா பிள்ளையை நாம் பார்த்தோமே.

பிரசவ அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் டல்லஸ் ஊரில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், 2016-இல் அது வெளிவந்ததாம். பக்கத்து வீட்டு நர்ஸ் மிஸ்ஸி படித்துக் காட்டினாள். 20 டிகிரி தியேட்டரில் பிறந்த பிள்ளைகளில் பாதி குளிர்ந்துபோயின. 23 வைத்தபோது 100-க்கு 35. மூன்றே டிகிரி!

ஆபீஸில் அத்தனை பேரை நீதான் நடத்துகிறாய் என்று பாசாரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஆனால் உனக்கென்று ஒன்று கேட்க உனக்கு வாய் வராது, சின்னதிலிருந்தே அப்படித்தான். இந்த ஒரு தடவை கேள். தேதிக்கு முன்னால் செக்கப்புக்குப் போகும்போதே டாக்டரிடம் சொல்லிவிடு, ஏர்கோனைக் கொஞ்சம் ஏற்றி வைக்க முடியுமா என்று. பிள்ளையை உடனே துடைத்து, ஈரத் துணியை மாற்றி, தலைக்குத் தொப்பி போட்டு, உன் நெஞ்சிலே வெறும் உடம்போடு படுக்க வைத்து மேலே போர்த்தச் சொல். முதுகில் ஊசி போட்ட பிறகு உனக்கும் குளிரும், நடுங்கும்; கம்பளி கேட்க வெட்கப்படாதே.

குளிப்பாட்டுவது மறுநாள் போதும், 24 மணி நேரம் போகட்டும். உன் மாமியார் அவசரப்படுவார். அவரிடமும் நீதான் பேச வேண்டும். நான் பேசினால் வேறு மாதிரி ஆகும்.

மாப்பிள்ளைக்கும் இதைப் படித்துக் காட்டு. உன்னால் பேச முடியாமல் போனால் அவர் கேட்கட்டும். ஏர்கோன் விஷயம், மறக்காதே. பத்தியச் சரக்கெல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். ஜொகூருக்கு ராத்திரி பஸ் இருக்கிறது, நீ ஒரு போன் போட்டால் போதும்.

அம்மா