எங்களுக்கு இரண்டு கிலோமீற்றர் காடு வேண்டும்

இலங்கையின் கிழக்கிலுள்ள காடுகளுக்கும் தேசிய பூங்காக்களுக்கும் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பூங்காவுக்குள் பார்வையாளர்கள் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது என்ற விதியை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த விதி எதற்காக இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறேன். கல்லோயாப் பள்ளத்தாக்கின் காட்டில், ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாத, இரண்டு கிலோமீற்றர் நீளமான ஒரு நடைவழியைத் திறந்து தாருங்கள். காலை வேளையில் மட்டும், வழிகாட்டியோடு, சிறு குழுக்களாக நடப்பதற்கு. கோரிக்கை இவ்வளவுதான்.

இதை எழுத வைத்தது சென்ற தவணை நாங்கள் போன ஒரு சுற்றுலா. எங்கள் பாடசாலையின் சுற்றாடல் முன்னோடிக் குழுவில் உள்ள பிள்ளைகளை ஒரு தேசிய பூங்காவுக்கு அழைத்துப் போனோம். எந்தப் பூங்கா என்று எழுதப் போவதில்லை. வாயிலில் நின்ற உத்தியோகத்தர் தன் கடமையைத்தான் செய்தார். பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீரும் தந்தார். பஸ் உள்ளே போகாது, ஜீப்பில்தான் போக வேண்டும் என்றார். உள்நாட்டவருக்கான டிக்கெட் மலிவு, அதில் குறை சொல்ல மாட்டேன். ஜீப்பின் வாடகைதான் எங்களை உட்கார வைத்தது. எங்கள் பெற்றோர் வயலையும் மாட்டையும் நம்பிப் பிழைப்பவர்கள். அவர்கள் சேர்த்துத் தந்த காசு இரண்டு ஜீப்புகளுக்குத்தான் போதுமானதாக இருந்தது. யார் போவது, யார் நிற்பது? கொப்பித் தாளைக் கிழித்துச் சீட்டுக் குலுக்கினோம்.

சீட்டு விழாத பிள்ளைகளோடு நான் வாகனத் தரிப்பிடத்தில் இருந்தேன். எல்லோரிடமும் ஒரு குறிப்பேடு இருந்தது. மரத்தின் பெயர், இலையின் வடிவம், பட்டையின் நிறம், அவதானித்த பறவைகள், அவதானித்த விலங்குகள் என்று கட்டம் போட்டு, ஒரு வாரமாக ஆயத்தம் செய்திருந்தார்கள். சும்மா இருக்கப் பொறுக்காத ஒரு மாணவன் தன் குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டு வந்து காட்டினான். அவதானித்த பறவைகள்: காகம். அவதானித்த விலங்குகள்: நாய் இரண்டு. அவன் பகிடிக்கு எழுதவில்லை. ஆசிரியர் கட்டத்தைக் கொடுத்தால் நிரப்ப வேண்டும் என்று பழக்கப்பட்ட பிள்ளை. நான் சரி அடையாளம் போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

அவர்களைவிட, ஜீப்பில் போய் வந்த பிள்ளைகளின் குறிப்பேடுகள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. யானை கண்டார்கள், மயில் கண்டார்கள், தலை முழுக்கப் புழுதியோடு சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஆனால் இலையின் வடிவம், பட்டையின் நிறம் என்ற கட்டங்கள் அப்படியே வெறுமையாக இருந்தன. "ஓடுகிற ஜீப்பிலிருந்து பட்டையை எப்படிப் பார்ப்பது, டீச்சர்?" என்று கேட்டார்கள். ஆகவே, ஜீப் வாடகையைக் குறைத்துத் தருகிறோம் என்று தயவுசெய்து பதில் எழுதாதீர்கள். காட்டை அறிய நடக்க வேண்டும். நடந்தால்தான் ஒரு மரத்தின் முன்னால் நின்று தொட்டுப் பார்க்கலாம்.

எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டோடு உறவு இல்லை என்று எண்ண வேண்டாம். வீட்டுக் கதவு முதிரை மரத்தில் செய்தது. பருவத்தில் தெருவோரத்தில் விற்கும் பாலைப்பழத்தை வாய் பிசுபிசுக்கத் தின்கிறார்கள். கல்லோயாவின் புல்வெளிக் காட்டில் கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் இயல்பாக வளர்கின்றன. அந்த மூன்றும் சேர்ந்த திரிபலாச் சூரணம் எங்கள் வீடுகளில் பாட்டியின் தலைமாட்டில் இருக்கிறது. பலகையாகவும் பழமாகவும் பொடியாகவும் காட்டை அறிந்த பிள்ளை, மரமாக அறியவில்லை. 1954இல் கல்லோயாத் தேசிய பூங்கா பிரகடனம் செய்யப்பட்டதே சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தின் நீரேந்து காட்டைக் காப்பதற்காகத்தான். மரம் வேரோடு நின்று மழை நீரை எப்படிப் பிடித்து வைக்கிறது என்பதை நான் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். பக்கத்து மாவட்டத்தில் அந்தக் காடே இருக்கிறது.

நடப்பது ஆபத்து என்பீர்கள். மலைநாட்டிலுள்ள ஹோட்டன் சமவெளியும் தேசிய பூங்காதான். அங்கே உலக முடிவு என்ற செங்குத்து மலை விளிம்பு வரை சனங்கள் நடந்துதான் போய் வருகிறார்கள். அங்கே யானை இல்லை என்பீர்கள். சரி, யானை உள்ள காட்டைப் பற்றியே பேசுவோம். ஆண்டுதோறும் கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி உகந்தை முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதை திறக்கிறது. குமணப் பூங்காவுக்குள்ளால், கும்புக்கன் ஓயாவைக் கடந்து, யாலக் காட்டுக்குள்ளால் ஆயிரக்கணக்கான அடியார்கள் பல நாட்கள் நடக்கிறார்கள். வெறுங்காலோடு போகும் கிழவிகளும், தோளில் பிள்ளையைத் தூக்கிய தகப்பன்மாரும் அதில் இருக்கிறார்கள். அந்தக் காட்டில் யானை உண்டு, கரடி உண்டு, சிறுத்தையும் உண்டு. ஒழுங்கும் காவலும் நேரக் கட்டுப்பாடும் இருந்தால் நடக்கலாம் என்பதை நீங்களே ஆண்டுதோறும் காட்டி வருகிறீர்கள். முருகன் பெயரில் முடிவது கல்வியின் பெயரில் ஏன் முடியாது? பல நாள் வழி கேட்கவில்லை. இரண்டு கிலோமீற்றர் கேட்கிறோம்.

யானையைப் பற்றிப் பேச்சு எழுந்ததால் ஒன்று சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரைக் கிராமங்களுக்குள் யானை வரும்போது யாரும் அதனிடம் டிக்கெட் கேட்பதில்லை. அது ஜீப்பிலும் வருவதில்லை. நடந்துதான் வருகிறது, வாழையைத் தின்கிறது, சுவரை இடிக்கிறது, சில இரவுகளில் ஆளையும் கொல்கிறது. மின்வேலி வேலை செய்கிறதா என்று கேட்டால் அது இன்னொரு பிரிவின் பொறுப்பு என்று ஒரு அலுவலகம் சொல்லும். அந்தப் பிரிவைக் கேட்டால் முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பும். காட்டின் எல்லை எங்கே என்று எங்களுக்கு மட்டும் மிகத் துல்லியமாகச் சொல்லப்படுகிறது. விறகு பொறுக்கப் போனால் எல்லை, மாட்டைத் தேடிப் போனால் எல்லை. இந்தக் கணக்கில் காட்டைப் பற்றிய அச்சமும் அபராதமும் எங்கள் பங்கு. காட்டின் அழகு ஜீப் வாடகை கொடுக்கக் கூடியவர்களின் பங்கு. இப்படி வளரும் பிள்ளையிடம் யானையை நேசி என்று சுவரொட்டிப் போட்டி வைக்கிறோம். பரிசும் கொடுக்கிறோம்.

கோபத்தில் வழி விலகிவிட்டேன், மன்னியுங்கள். மீண்டும் நடைவழிக்கு வருகிறேன்.

அதை எங்கே வெட்டுவது என்பதை உங்கள் கள உத்தியோகத்தர்களே தீர்மானிக்கட்டும். யானைகளின் போக்குவரத்து அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. வரட்சியில் அவை நீர்க்கரைக்கு இறங்கும் மாதங்களில் மூடி வையுங்கள், மாரியிலும் மூடி வையுங்கள். மிஞ்சும் மாதங்கள் எங்களுக்குப் போதும். காட்டோரக் கிராமங்களில் தேன் எடுக்கவும் மூலிகை பிடுங்கவும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரைப் பயிற்றி வழிகாட்டிகளாக்குங்கள். மரங்களின் பெயர்ப் பலகையில் தமிழும் இருக்கட்டும். முட்டு வலிக்கிற முதியவரும் நடக்கக் கூடியதாக, இடையில் உட்கார இரண்டு மரக்குற்றிகள் போடுங்கள்.

தயவுசெய்து கொங்கிறீட் போடாதீர்கள். சீமெந்து யானை வைக்காதீர்கள். படம் பிடிக்க மேடை கட்டாதீர்கள். திறப்பு விழாவுக்குக் கல் ஒன்று நாட்டியே ஆக வேண்டும் என்றால் நாட்டுங்கள். யாருடைய பெயரை வேண்டுமானாலும் எவ்வளவு பெரிதாகவும் வெட்டுங்கள். அந்தக் கல்லுக்கு அப்பால் இரண்டு கிலோமீற்றர் மண்பாதை இருந்தால் சரி.

அடுத்த ஆண்டு முதலாம் தவணைக்கு முன் ஒரு பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். சுற்றுலாவுக்கான அனுமதியை வலயக் கல்வி அலுவலகத்தில் அப்போதுதான் கேட்க வேண்டும். பதில் ‘முடியாது’ என்பதாக இருந்தாலும் காரணத்தோடு எழுதுங்கள். தமிழில் எழுதினால், குறிப்பேட்டில் நாயையும் காகத்தையும் எழுதிய மாணவனிடமே வகுப்பில் வாசிக்கக் கொடுப்பேன்.

மிக்க பணிவுடன்,
ஓர் ஆசிரியை
படுவான்கரை, மட்டக்களப்பு